ராக் இசை மட்டுமே கேட்டு வந்தவர்கள் ஜாஸ் கிதாரை எந்தத் தொகுப்பிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கவர்ன்மென்ட் மியூல் என்ற அமெரிக்க ராக் குழு, ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்டோடு சேர்ந்து வாசித்த 'ஸ்கோ-மியூல்' மேடைப் பதிவிலிருந்து தொடங்குங்கள். நீங்களும் என்னைப் போல 'ஜாஸ் உனக்கு விளங்காது' என்று யாரோ சொல்லக் கேட்டு மனம் நொந்தவராக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கிதார் கற்பித்தவர், கிரேடு தேர்வுகளை (படிநிலை இசைத் தேர்வுகளை) முடிக்காதவர்கள் ஜாஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று வகுப்பிலேயே அறிவிப்பார். அந்தச் சொல்லின் உறுத்தலோடு, ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழுவில் நான் விரும்பிக் கேட்ட, கவர்ன்மென்ட் மியூலின் கிதார் கலைஞர் வாரன் ஹேன்ஸ் இதில் வாசிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக இத்தொகுப்பைக் கேட்டேன். வழக்கமாகப் பாடவும் செய்யும் ஹேன்ஸ் இதில் வாய் திறப்பதே இல்லை. முழுக்க வாத்திய இசைதான். அவர் ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியை வளைத்து, அது கதறும்வரை விடமாட்டார். ஸ்கோஃபீல்டோ தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி நுழைந்து, ஸ்கேலுக்கு (பாடலுக்குரிய சுர வரிசைக்கு) வெளியே இரண்டு சுரங்களை வேண்டுமென்றே தொட்டுவிட்டு, ஒன்றும் நடவாதவர் போலத் திரும்பி வருகிறார். இந்த வேறுபாட்டைக் காது தானாகவே பிரித்தறிந்தது. அதற்கு எந்தத் தேர்வும் தேவைப்படவில்லை.

ஸ்கோஃபீல்டு 1980களில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தவர். ஆயினும் இங்கே அவர் விருந்தாளியாக ஓரத்தில் நிற்கவில்லை. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் 'டாம் தம்ப்', பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வட்டத்து ஃபங்க் (தாளம் மேலோங்கிய நடன இசை) பாடலான 'பாஸ் தி பீஸ்', ஆல்மன் பிரதர்ஸின் 'கைண்ட் ஆஃப் பேர்ட்' என்று இரு தரப்புக்கும் பொதுவான நிலத்திலேயே அனைவரும் வாசிக்கிறார்கள். இது தூய ஜாஸ் அல்ல என்று அறிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கேள்வி தூய்மையைப் பற்றியதல்ல, தொடக்கத்தைப் பற்றியது.

1999 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ், அட்லாண்டா நகரங்களில் பதிவான இந்த இசை 2015இல்தான் வெளிவந்தது. இரு கிதார்களும் இவ்வளவு சுதந்திரமாக அலைய முடிந்ததற்குக் காரணம், பேஸ் வாசித்த ஆலன் வுடியின் கனத்த, விட்டுக்கொடுக்காத ஒலியும் மாட் ஆப்ட்ஸின் டிரம்ஸும்தான் என்பது என் துணிபு. வுடி 2000 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். அவர் இருந்த குழுவை இவ்வளவு நீளமாகக் கேட்கக் கிடைத்ததே பெரும் பேறு. நான் பயன்படுத்தும் இசைச் செயலியோ குழுவின் பெயரையும் ஸ்கோஃபீல்டின் பெயரையும் மட்டும் காட்டிவிட்டு, வுடியையும் கீபோர்டு வாசித்த டான் மட்ராசோவையும் விழுங்கிவிடுகிறது. குறுந்தகடு வாங்கினால் அட்டையிலாவது பெயர்கள் இருக்கும். மாதச் சந்தா கட்டுபவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலில் 'ஹாட்டன்டாட்' ஒன்றை மட்டும் கேளுங்கள். பிடித்திருந்தால், அதே பாடலை ஸ்கோஃபீல்டு 1998இல் மெடெஸ்கி மார்ட்டின் அண்ட் வுட் குழுவோடு 'எ கோ கோ' தொகுப்பில் வாசித்திருப்பதைத் தேடுங்கள். அங்கே ஹேன்ஸ் இல்லை. ஆர்கன் பக்கத்தில் நிற்க, ஸ்கோஃபீல்டின் கிதாரைத் தனியாகக் கேட்கலாம்.