‘ரியாக்டிவ்’ என்றார்கள், அப்புறம் இல்லை என்றார்கள்: 188 வெள்ளி திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஈசூன் பக்கம் ஒரு கிளினிக்கில் 188 வெள்ளிக்கு ஹெல்த் ஸ்கிரீனிங் பேக்கேஜ் எடுத்தோம். ரிப்போர்ட்டில் ஹெப்படைட்டிஸ் பி ஆன்டிஜென் ‘ரியாக்டிவ்’, பக்கத்தில் 1.4 என்று ஓர் எண். வீடே கலங்கிப்போனது. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று மாமியார் பிரித்து வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வேறு இடத்தில் எடுத்தால் ‘நான்-ரியாக்டிவ்’. முதல் கிளினிக் பணத்தைத் தர மறுக்கிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா, ஐயா?

பதில்: முதலில் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள், அம்மா. ஹெப்படைட்டிஸ் பி சாப்பாட்டுப் பாத்திரத்தால் பரவுவதில்லை.

அடுத்தது அந்த 1.4. ‘ரியாக்டிவ்’ என்றால், கிருமியின் புரதம் (ஆன்டிஜென்) ரத்தத்தில் இருப்பதாக டெஸ்ட் காட்டுகிறது என்று அர்த்தம். இந்த வகை டெஸ்ட்டுகள் பலவற்றில் 1 என்பதுதான் எல்லைக்கோடு. நோய்க்கிருமியை வருடக்கணக்கில் உடம்பில் வைத்திருப்பவருக்குப் பொதுவாக எண் அதைவிடப் பல மடங்கு மேலே போய் நிற்கும். 1.4 என்பது வாசற்படியில் ஒரு கால் வைத்த கதை. அந்த எண்ணைப் பார்த்ததும் லேப் அதே ரத்தத்தை மறுபடி ஓட்டியிருக்க வேண்டும். அப்போதும் ரியாக்டிவ் வந்தால், ‘நியூட்ரலைசேஷன்’ என்ற உறுதிசெய்யும் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் புகார் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். முதல் முடிவு தவறாக வந்ததை வைத்து மட்டும் சண்டை போட்டால் எடுபடாது.

ஏன் எடுபடாது? ஒரு கணக்குப் போடுவோம். நோயில்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஆரோக்கியமான 1,000 பேருக்கு எடுத்தால் 5 பேர் வீட்டில் டம்ளர் பிரியும். எந்த மெஷினும் இதற்கு விலக்கல்ல. அதனால்தான் உறுதிசெய்யும் டெஸ்ட் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் கேளுங்கள்: ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாரா? போட்ட பிறகு 18 நாள் வரைகூட ஊசி மருந்தே ரத்தத்தில் தென்பட்டு ‘ரியாக்டிவ்’ காட்டலாம். போட்டிருந்தால் மர்மம் அங்கேயே தீர்ந்தது. இல்லையென்றாலும் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, லேப் ஒழுங்காக வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்டுரை எழுத வருவதற்கு முன் சில வருடம் லேப்பில் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். காலையில் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், மெஷினைச் சோதிப்பதற்கென்றே உள்ள, விடை முன்பே தெரிந்த கண்ட்ரோல் குப்பிகளை ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வரவிட்டு, நுரை வராமல் மெல்லக் கவிழ்த்துக் கலக்கி மெஷினில் வைப்போம். ஒன்று நெகட்டிவ், ஒன்று பாசிட்டிவ். நல்ல லேப் மூன்றாவதாக ஒன்றையும் வைக்கும்: டெஸ்ட்டுக்கான ரசாயனம் விற்ற கம்பெனியிடம் வாங்காமல் வெளியே வாங்கிய, எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் பலவீனமான பாசிட்டிவ். உப்பை அள்ளிக் கொட்டிய ரசத்தை எந்த நாக்கும் சொல்லிவிடும். ஒரு சிட்டிகை கூடினால் கண்டுபிடிக்கிறதா என்பதுதானே நாக்குக்குப் பரீட்சை? ரசாயனம் பாதி கெட்டுப்போயிருந்தாலும் பலமான பாசிட்டிவ் பாசிட்டிவாகவே வரும். முதலில் வழுக்கி விழுவது பலவீனமானதுதான்.

கண்ட்ரோல் குப்பிகளுக்கு மெஷின் காட்டும் எண்ணைத் தினமும் ஒரு சார்ட்டில் புள்ளியாக வைப்போம். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என எல்லைக் கோடுகள். உள்ளே இருக்கும் கோட்டை ஏறத்தாழ இருபதில் ஒரு புள்ளி சும்மாவே தாண்டும். அதற்காக ‘மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது’ என்று எழுதிவிட்டு வேலையைத் தொடரும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. புதிய லாட் (புதிதாகத் தயாரித்து வந்த தொகுதி) ரசாயனம் பிரிக்கும் நாளில் புள்ளிகள் எல்லாம் ஒன்றாக ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். தொற்றுநோய் டெஸ்ட்டுகளில் இது சகஜம். சார்ட் மாடிப்படி மாதிரி இருக்கும். நோயாளிகளின் முடிவும் கூடவே நகர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும். இது தவிர, விடை தெரியாத மாதிரிகளை வெளி அமைப்பு ஒன்று பல லேப்களுக்கு அனுப்பிப் பதிலை ஒப்பிடும்.

சிங்கப்பூரில் 2022 ஜனவரியிலிருந்து மருத்துவ லேப்கள் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுகின்றன. உரிமம் எல்லோருக்கும் வேண்டியது. அதற்கு மேல், மருத்துவ லேப்களுக்கான அனைத்துலகத் தரமான ஐஎஸ்ஓ 15189-க்கு, சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் எஸ்ஏசி-சிங்லாஸ் திட்டம் தரும் அங்கீகாரம் இருக்கிறது. சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். அங்கீகாரம் எந்தெந்த டெஸ்ட்டுக்கு என்று தனிப் பட்டியல் உண்டு. உங்கள் டெஸ்ட் அதில் இருக்கிறதா பாருங்கள். உங்கள் ரத்தம் கிளினிக்கிலேயே பார்க்கப்பட்டதா, வெளி லேப்புக்குப் போனதா என்றும் கேளுங்கள். பேக்கேஜ் விற்பவர்களில் பலருக்கு இதற்கு உடனே பதில் வராது.

பணத்துக்கு வருவோம். உறுதிசெய்யும் டெஸ்ட் ஏன் செய்யவில்லை என்று எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழு 188 வெள்ளி கேட்பதைவிட, இரண்டாவது இடத்தில் கட்டிய தொகையைக் கேட்பது நியாயமாகவும் இருக்கும், பலிக்கவும் வாய்ப்பு அதிகம். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ். அதற்கும் அப்பால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் இந்தத் தொகைக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: தேக்காவில் கடை வைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்து ஏழாம் நாள் கிளினிக் போனேன். டெங்கி என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ். மறுநாள் வேறு டாக்டர் ஐஜிஎம் எடுத்து டெங்கி என்றார். முதல் டெஸ்ட் போலியா?

பதில்: போலி இல்லை, அண்ணே. நாள்தான் தப்பு. என்எஸ்1 என்பது டெங்கிக் கிருமியின் புரதம்; காய்ச்சலின் முதல் சில நாளில் நன்றாகத் தெரியும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு மங்கத் தொடங்கும். ஐஜிஎம் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் பொருள்; அது நான்கு ஐந்தாம் நாள்வாக்கில்தான் எழும்பும். ஏழாம் நாள் வந்தவருக்கு என்எஸ்1 மட்டும் எடுத்தது பஸ் போன பிறகு நிறுத்தத்தில் நின்ற மாதிரி. ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்?’ என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதைச் சொல்லிப் பணம் கேட்டுப் பாருங்கள். கேட்டு, நீங்கள் ‘நேற்றுத்தான்’ என்று சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று, வீட்டிலேயே கோவிட் பார்க்கும் ஏஆர்டி கிட் ஐம்பது வாங்கி வேனிலேயே வைத்திருக்கிறேன். ‘சி’ கோடு பளிச்சென்று வருகிறது. நம்பலாம்தானே?

பதில்: ‘சி’ கோடு சொல்வது ஒன்றுதான்: திரவம் அட்டையில் கடைசிவரை ஓடியது. உங்களுக்குக் கோவிட் இருந்தால் ‘டி’ கோடு வந்திருக்குமா என்பதற்கு அது ஜாமீன் இல்லை. பெட்டியில் எத்தனை டிகிரி வரை வைக்கலாம் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 30. மத்தியான வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய வேனுக்குள் எத்தனை இருக்கும் என்று கதவைத் திறக்கும்போதே உங்களுக்குத் தெரியும். ஐம்பதையும் குப்பையில் போடுங்கள்.