இங்கிலாந்தில் கிளெய்ம் ஃபார்மைச் சேர்ப்பிக்கும் கெடுவை நீட்டிக்க முடியுமா?

கேட்டவர் வேலையிடத்தில் அடிபட்டு, வக்கீல் வைக்காமல் தானே வழக்குப் போட்டிருக்கிறார். கிளெய்ம் ஃபார்மை, அதாவது வழக்கைத் தொடங்கும் படிவத்தை, நீதிமன்றம் மார்ச் 12 அன்று வெளியிட்டிருக்கிறது. மருத்துவ அறிக்கை இன்னும் வரவில்லை. அது வரும்வரை படிவத்தை எதிராளிக்கு அனுப்பாமல் வைத்திருந்து, நீதிமன்றத்தில் அவகாசம் கேட்கலாமா என்கிறார்.

தயவுசெய்து வைத்திருக்காதீர்கள். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

சிவில் நடைமுறை விதி 7.5-இன்படி, இங்கிலாந்து, வேல்ஸுக்குள் சேர்ப்பிக்க, அதாவது எதிராளிக்கு முறைப்படி அனுப்ப, நான்கு மாதம். வெளிநாட்டில் என்றால் ஆறு மாதம். படிவத்தில் நீதிமன்றம் பதிந்த வெளியீட்டுத் தேதிதான் கணக்கு. உங்களுக்கு ஜூலை 12 முடியும் நள்ளிரவு கடைசி. அதற்குள் அது எதிராளி கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் வகுப்புத் தபாலில் போட்டாலே போதும். இரண்டாம் வகுப்புத் தபால் செல்லாது. தபால் நிலையத்தில் போட்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள். நீதிமன்ற முத்திரை உள்ள பிரதியையே அனுப்புங்கள். முத்திரையில்லாத பிரதியை அனுப்பிய பெரிய நிறுவனங்களே 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றன.

மருத்துவ அறிக்கை சேர வேண்டியது கிளெய்ம் ஃபார்மோடு அல்ல, வழக்கின் விவர அறிக்கையோடு (உங்கள் கோரிக்கையை விரிவாகச் சொல்லும் ஆவணம் அது). அந்த விவர அறிக்கைக்கு அவகாசம் கேட்பது வேறு விஷயம். எதிர்த்தரப்பு எழுத்தில் சம்மதிக்கலாம். இல்லாவிட்டால் என்244 படிவத்தில் மனுப் போடலாம். அங்கே நீதிபதிக்குத் தாராளமான அதிகாரம் உண்டு. கிளெய்ம் ஃபார்முக்கு அவகாசம் கேட்டாலோ விதி 7.6 என்ற இறுகிய கதவு இருக்கிறது.

கெடு முடிவதற்குள் மனுப் போட்டால், நீதிபதி முதலில் பார்ப்பது 'ஏன் இதுவரை சேர்ப்பிக்கவில்லை' என்பதைத்தான். 2004-இல் வந்த ஹஷ்ட்ரூடி தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை. அறிக்கை வரவில்லை என்பது பலவீனமான காரணம், அது இல்லாமலே படிவத்தை அனுப்ப முடியும் என்பதால். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த மனுவை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமலே போடலாம், உத்தரவும் வாங்கிவிடலாம். ஆனால் உத்தரவு கைக்குக் கிடைத்த ஏழு நாளுக்குள் அவர்கள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ரத்தானால் உங்கள் நான்கு மாதம் அதற்குள் போயிருக்கும்.

கெடு முடிந்த பிறகு கேட்டால் நிலைமை இன்னும் மோசம். நீதிமன்றமே சேர்ப்பிக்கத் தவறியிருக்க வேண்டும், அல்லது நீங்கள் நியாயமான எல்லா முயற்சியும் செய்தும் முடியாமல் போயிருக்க வேண்டும்; எந்த நிலையிலும் உடனே மனுப் போட்டிருக்க வேண்டும். வீனோஸ் வழக்கில் ஒன்பது நாள் தாமதம்தான். அதுவும் உங்களுடையதைப் போல வேலையிடத்தில் அடிபட்ட வழக்குதான், மன்னிப்புக் கிடைக்கவில்லை. காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடக் காலவரம்பு. அது கடந்திருந்தால் புதிதாக வழக்குப் போடுவதும் கடினமாகிவிடும்.

மின்னஞ்சல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தானே வாதாடுகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். பார்ட்டன் எதிர் ரைட் ஹாசல் வழக்கில் வாதி கெடுவுக்கு முந்தைய நாள், 2013 ஜூன் 24 அன்று, எதிர்த்தரப்பு சொலிசிட்டருக்கு (வக்கீலுக்கு) மின்னஞ்சலில் படிவத்தை அனுப்பினார். அதைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று அவர்கள் முன்கூட்டி எழுதியிருக்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவரைக் கைவிட்டது. வக்கீல் இல்லாதவருக்கும் விதி ஒன்றுதான் என்றது பெரும்பான்மை. எனக்கு லேடி ஹேல், லார்ட் பிரிக்ஸ் என்ற மற்ற இரு நீதிபதிகளின் மாறுபட்ட கருத்தே நியாயமாகப் படுகிறது. படிவம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, எதிர்த்தரப்புக்கு வழக்கு தெரிந்திருந்தது. அதற்கு மேல் சேர்ப்பித்தலுக்கு என்ன நோக்கம்? ஆனால் இன்று நீங்கள் எதிர்கொள்ளப் போவது பெரும்பான்மைத் தீர்ப்பைத்தான். சொலிசிட்டரின் கடிதத் தாளில் மின்னஞ்சல் முகவரி அச்சாகியிருப்பது மட்டும் சம்மதம் ஆகாது.

எதிர்த்தரப்போடு பேசிக் கெடுவைத் தள்ளிப்போடவும் இடமுண்டு, ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். 'தொலைபேசியில் சரி என்றார்கள்' என்று நீங்கள் குறித்து வைத்த குறிப்பு போதாது என்று 2006-இல் தாமஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். போனில் ஒப்புக்கொண்டால் அன்றே தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பி, அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் வராதவரை ஜூலை 12-தான் உங்கள் கெடு.