உட்கருவின் வாசலில் நெரிசலா?

கேள்வி: ஹுஹ்-7 கல்லீரல் செல்களில் ஒரு மரபணுவை அடக்க, யூ6 ஊக்கி (ஆர்என்ஏ உற்பத்தியைத் தொடக்கும் டிஎன்ஏ பகுதி) கொண்ட எஸ்எச்ஆர்என்ஏவை (மரபணுவை அடக்கும் கொண்டை ஊசி வடிவச் சிறு ஆர்என்ஏ) லென்டிவைரஸ் வழியாகச் செலுத்துகிறேன். எந்த மரபணுவையும் குறிவைக்காத ஒப்பீட்டு எஸ்எச்ஆர்என்ஏ பெற்ற செல்களும் மடிகின்றன. உட்கருவிலிருந்து ஆர்என்ஏ வெளியேறுவதில் சிக்கலா? – ஆய்வு மாணவி

பதில்: உங்கள் சந்தேகத்துக்கு இடமுண்டு. மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏக்களான செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்களை உட்கருவிலேயே ட்ரோஷா நொதி வெட்டி, ஏறத்தாழ 60–70 நியூக்ளியோடைடு நீளமுள்ள கொண்டை ஊசிகளாக்குகிறது. அவற்றின் இரட்டை இழைத் தண்டையும், 3' முனையில் துருத்தி நிற்கும் 2 நியூக்ளியோடைடுகளையும் எக்ஸ்போர்ட்டின்-5 என்னும் புரதம் இனங்கண்டு, குவானோசின் டிரைபாஸ்பேட் ஏந்திய ரான் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு உட்கருத் துளையைக் கடக்கிறது. சைட்டோபிளாசத்தில் அந்த டிரைபாஸ்பேட் டைபாஸ்பேட்டாகச் சிதைந்ததும் பிடி தளர்ந்து, சரக்கு, அதை மேலும் வெட்டும் டைசர் நொதியின் கைக்குப் போகிறது. உங்கள் எஸ்எச்ஆர்என்ஏ ட்ரோஷாவிடம் போவதில்லை. ஆனால் வடிவம் அதே கொண்டை ஊசி என்பதால் அதே வாகனத்தில்தான் ஏறுகிறது. யூ6 வலுவான ஊக்கியாதலால் நெரிசல் எளிதில் உண்டாகும்.

2006இல் வெளியான எலி ஆய்வொன்றில், கல்லீரலுக்குச் செலுத்திய 49 எஸ்எச்ஆர்என்ஏ வெக்டர்களில் (மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஊர்திகள்) 36, அளவுக்கேற்பக் கல்லீரலைச் சேதப்படுத்தின. 23 இறுதியில் உயிரையே பறித்தன. எக்ஸ்போர்ட்டின்-5 போன்ற பொது வழிகள் நிரம்பியதே காரணம் என ஆய்வாளர்கள் கருதினர்.

எனினும் முதலில் எஸ்எச்ஆர்என்ஏ இல்லாத வெற்று வெக்டர் செலுத்திய செல்களைப் பாருங்கள். அவையும் மடிந்தால் பழி வைரஸைச் சேரும். அவை பிழைத்தால், அதே வரிசையை எஸ்ஐஆர்என்ஏவாக (கொண்டை இல்லாத குறு இரட்டை இழை ஆர்என்ஏ) நேரே சைட்டோபிளாசத்துக்குள் செலுத்துங்கள். அதற்கு உட்கரு வாசல் தேவையில்லை. கூடவே, ஹுஹ்-7இல் மிகுதியாக உள்ள மிர்-122 என்னும் மைக்ரோஆர்என்ஏவின் முதிர்ந்த வடிவம் குறைகிறதா என்று நார்தர்ன் பிளாட் என்னும் ஆர்என்ஏ சோதனையில் அளந்துகொள்ளுங்கள். குறைந்தாலும், சிறு ஆர்என்ஏக்களை ஏந்திச் செயல்படும் ஆர்கோநாட் புரதத்தின் பற்றாக்குறையால் அப்படி ஆகியிருக்கலாம் என்பதால், எக்ஸ்போர்ட்டின்-5ஐக் கூடுதலாக வெளிப்படுத்தும்போது செல்கள் மீள்கின்றனவா என்பதே நான் நம்பும் சோதனை. உட்கருவில் கொண்டை ஊசிகள் குவியவில்லை என்பதால் மட்டும் வாசலில் சிக்கலில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; எக்ஸ்போர்ட்டின்-5 போதாதபோது அவை குவிவதற்குப் பதில் சிதைந்தே போகக்கூடும்.

சந்தேகம் உறுதியானால், ஒரு செல்லுக்குச் சராசரியாக ஒரு வைரஸ் நுழையும் அளவுக்கும் கீழே வைரஸைக் குறைத்து, வரிசையை மிர்-30 என்னும் மைக்ரோஆர்என்ஏவின் சட்டகத்துக்குள் பொதித்து, மிதமான ஊக்கி ஒன்றிலிருந்து வெளிப்படுத்துங்கள்.