இணையம் கேள்வி–பதில்: கொலுசுகளில் பாதி மட்டும் நீங்குவது ஏன்?

கேள்வி: எங்கள் வெள்ளிக் கொலுசு பட்டறையின் இணையப் பக்கத்தில், விற்றுப்போன கொலுசுகளுக்கு ‘சோல்ட்’ என்று கிளாஸ் (வகைப் பெயர்) கொடுத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டின் கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம் மூலம் அவற்றை எடுத்து, ஃபார் லூப்பில் (0, 1, 2 என்று வரிசையாகச் சுற்றிவரும் நிரலில்) ஒவ்வொன்றாக ரிமூவ் செய்கிறேன். ஆறில் மூன்றுதான் போகிறது. பட்டனை மறுபடி அழுத்தினால் இன்னும் இரண்டு. எர்ரர் எதுவும் வரவில்லை. ஏன்?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: உங்களுக்குக் கிடைப்பது அரே (ஜாவாஸ்கிரிப்டின் சாதாரணப் பட்டியல்) அல்ல, ‘ஹெச்டிஎம்எல் கலெக்‌ஷன்’. 1998-ல் வெளிவந்த முதல் டாம் (பக்கத்தின் உறுப்புகளை நிரல் கையாளும் முறை) தரநிலையிலேயே இருந்த பழைய பட்டியல் வகை. பக்கத்தில் என்ன மாறினாலும் அந்த நொடியே இதுவும் மாறிவிடும். 0-ஆம் இடத்துக் கொலுசை நீக்கியதும் அடுத்தது 0-க்கு நகர்ந்துவிடுகிறது. உங்கள் லூப்போ 1-க்குப் போய்விட்டது. இப்படி 2, 4, 6-ஆவது கொலுசுகள் தப்பிக்கின்றன. இதே பட்டியலைச் சுற்றிவரும்போது அதே கிளாஸில் புதிய கொலுசைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்: நீளம் வளர்ந்துகொண்டே போகும், லூப் முடியாது, டேப் உறைந்துவிடும்.

அதற்குப் பதிலாகக் கொரிசெலக்டர்ஆல் பயன்படுத்துங்கள். அது தரும் ‘நோட்லிஸ்ட்’ எடுத்த நேரத்து நிலையிலேயே நிற்கும், ஒவ்வொன்றாகச் சுற்றிவர ஃபார்ஈச்சும் உண்டு. கிளாஸ் பெயருக்கு முன் புள்ளி வைக்க மறக்காதீர்கள். மறந்தால் எர்ரர் வராது, வெறும் பட்டியல்தான் வரும். ஃபில்டர், மேப் போன்ற அரே வசதிகள் வேண்டுமானால் அரே.ஃப்ரம் போட்டு அரேயாக்கிவிடுங்கள். ஆனால் எல்லா நோட்லிஸ்ட்டும் இப்படி நிற்காது: ஓர் உறுப்பின் உள்ளே இருப்பவற்றைக் காட்டும் சைல்ட்நோட்ஸ் தருவதும் நோட்லிஸ்ட்தான், அது பக்கத்தோடு மாறும். பட்டியலை எடுக்கும் பழைய நிரல் வரியைத் தொட முடியாத இடத்தில், லூப்பைக் கடைசியிலிருந்து முதலாவதை நோக்கி ஓட்டி நீக்கினால் போதும்.

பிரவுசர்களே ஹெச்டிஎம்எல் கலெக்‌ஷனை அரேயாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதற்கே உரிய ஐட்டம், நேம்டுஐட்டம் ஆகிய வசதிகளையும் இந்த உடனடி மாற்றத்தையும் நம்பி எழுதிய பழைய பக்கங்கள் ஏராளம். கைவைத்தால் அவை உடையும். அதனால் டாம் தரநிலை இதை நீக்காமல், புதிய வசதிகளை வடிவமைப்பவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது. சரியான முடிவு. புதியவற்றில் சாதாரண அரேயோ, பிரவுசர் கண்காணிக்கும் ‘அப்சர்வபிள் அரே’யோ வருகிறது. பக்கத்துக்கு நிரல் வழியே ஸ்டைல்ஷீட்களைச் சேர்க்கும் அடாப்டட்ஸ்டைல்ஷீட்ஸ் அப்படித்தான்: முன்பு முழு அரேயையும் மாற்றிவைக்க வேண்டும், குரோம் 99 முதல் நேராகவே புஷ் செய்யலாம் (கடைசியில் சேர்க்கலாம்).

கேள்வி: தங்கும் விடுதிப் படங்களை ஏற்றும் படிவத்தில், தேர்ந்தெடுத்தவற்றிலிருந்து ஒரு படத்தை மட்டும் நீக்க, அரேயில் செய்வதுபோல ஸ்ப்ளைஸ் போட்டால் எர்ரர் வருகிறது.
– வாசகர், ஏற்காடு

பதில்: தேர்ந்தெடுத்த கோப்புகள் இருக்கும் ‘ஃபைல்லிஸ்ட்’டும் பழைய வகைதான், ஸ்ப்ளைஸ் கிடையாது, உள்ளே எதையும் மாற்ற முடியாது. கோப்புகளை வைத்திருக்கக்கூடிய புதிய டேட்டாடிரான்ஸ்ஃபர் ஒன்றை உருவாக்கி, வேண்டிய படங்களை மட்டும் ஐட்டம்ஸ்.ஆட் மூலம் சேர்த்து, அதன் ஃபைல்ஸை இன்புட்டின் ஃபைல்ஸுக்குக் கொடுங்கள். அப்போது சேஞ்ச் நிகழ்வு தானாக எழாது. முன்னோட்டப் படங்களையும் எண்ணிக்கையையும் நீங்களே புதுப்பிக்க வேண்டும். படிவத்தை ஃபெட்ச் மூலம் நிரலே அனுப்புகிறது என்றால் இவ்வளவு சுற்றும் வேண்டாம்: படங்களைச் சொந்த அரேயில் வைத்து, அனுப்பும்போது ஃபார்ம்டேட்டாவில் ஒவ்வொன்றாக அப்பெண்ட் செய்துவிடுங்கள்.