பைப்படிப் பேச்சு: பக்கத்து சீட்டில் யார்?

போன மாதம் இந்தப் பகுதியில், "விமானத்தில் ஒருத்தரிடம் இயேசுவைப் பற்றிப் பேசப் போய் வாயடைத்து நின்றேன், அதை இன்னொரு நாள் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிகின்றன. பள்ளி விடுமுறை நெருங்குகிறது, எல்லாரும் பெட்டி கட்டுகிறீர்கள் போலிருக்கிறது. மருமகள், மாதச் சீட்டு, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

கே: அக்கா, முதலில் அந்த விமானக் கதையைச் சொல்லுங்கள். நானும் மாமியாரோடு வேளாங்கண்ணிக்குப் போகிறேன். பக்கத்தில் உட்காருகிறவரிடம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?
– வாசகி, கோலகங்சார்

ப: தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரப் பயணம். கைப்பையில் ஒரு கட்டு கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுத்தாள்), மனசில் ஏகப்பட்ட உற்சாகம். நடு சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. துணிக்கடைப் பை ஒன்றை மடியிலேயே வைத்திருந்தார். பணிப்பெண் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் காலடியில் வைத்தார். விமானம் மேலே ஏறியதும் பை திரும்ப மடிக்கு வந்துவிட்டது.

"புடவையா? ஊர்ல கல்யாணமா?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் கானாவூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். தண்ணீர் திராட்சரசமானது, அங்கேயிருந்து பரலோகம், அங்கேயிருந்து என் ஞானஸ்நானம். சாப்பாட்டு வண்டி வந்தது. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் நாசி லெமாக்கைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினேன். கீழே ஊர் விளக்குகள் தெரிந்த பிறகுதான், போனால் போகிறதென்று, "எந்த ஊரும்மா?" என்றேன்.

"முசிறிப் பக்கம். எங்கம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க. ஐஸ் பெட்டியில வச்சிருக்காங்க. நான் போய்த்தான் எடுக்கணும்."

பையைக் கொஞ்சம் விரித்துக் காட்டினார். வெளிர் பச்சை நூல் சேலை. அம்மாவுக்குக் கோடி. விலைச்சீட்டு இன்னும் தொங்கியது, 79 வெள்ளி.

கைப்பிரதிக் கட்டை நான் வெளியே எடுக்கவில்லை. அவருடைய பெட்டியை இழுத்துக்கொண்டு குடிநுழைவு வரிசையில் கூடவே நின்றேன், அவ்வளவுதான். வெளியே அவர் தம்பி காத்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்க பேசிக்கிட்டே வந்தீங்களா, நேரம் போனதே தெரியலம்மா" என்றார். அது நன்றியா, மரியாதைக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆகவே தங்கச்சி, ஆரம்பிப்பது சுலபம். "எதுக்குப் போறீங்க?" என்று கேட்டால் போதும். பதில் வருகிறவரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்கு, அதுவும் சாந்தமாக, பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு முதலாம் நிருபத்தில் எழுதினார். நானோ கேட்காதவருக்கு மூன்றரை மணி நேரம் பதில் சொன்னேன்.

நீங்கள் ஆகஸ்டு 29-க்கும் செப்டம்பர் 8-க்கும் இடையில் போனால் அங்கே திருவிழா. மொட்டையடித்து வரிசையில் நிற்பவர்களில் இந்துக்களும் நிறையப் பேர் இருப்பார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு முன்னால் அவர்களே சாட்சி சொல்லிவிடுவார்கள். (நான் மெதடிஸ்ட். நேர்த்திக்கடனெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த வரிசையில் நின்று கேட்ட கதைகளை எந்தக் கன்வென்ஷனிலும் கேட்டதில்லை.)

கே: அம்மா, நான் தூத்துக்குடியிலிருந்து சுங்கை சிப்புட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு மாதம் வந்திருக்கிறேன். பஸ் நிலையத்திலும் தோட்டத்து வாசலிலும் கைப்பிரதி கொடுக்க ஆசை. எங்கள் ஊரில் செய்வதுதான். அக்கா கூடவே கூடாது என்கிறார். இவ்வளவு பயம் எதற்கு?
– ஒரு சகோதரர்

ப: தம்பி, உங்கள் அக்கா பயந்தவர் இல்லை, விவரம் தெரிந்தவர். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே மலேசியாவுக்கு வந்து போகலாம். சுற்றிப் பார்க்க, சொந்தபந்தத்தைப் பார்க்கத்தான் அந்த 30 நாள்.

இந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆம் விதி, அவரவர் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே விதியின் நாலாவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தலாம் என்கிறது. நீங்கள் இருக்கிற பேராக் மாநிலத்தில் 1988-லேயே அப்படிச் சட்டம் போட்டாயிற்று.

"நான் தமிழர்களுக்குத்தானே கொடுக்கப் போகிறேன்" என்பீர்கள். நீங்கள் மனசில் வைத்திருக்கிற தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இப்போது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருமுனைக் கடைக்கு மருந்து வாங்க வருகிற வங்காளதேசித் தம்பி, "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்கண்ணே" என்று நம்மைவிட நன்றாகக் கேட்கிறார். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய் போடுகிறவர் ராமநாதபுரத்துத் தமிழ் பேசுவார். சட்டம் பார்ப்பது மதத்தை, மொழியை அல்ல. பஸ் நிலையத்தில் நீட்டுகிற கைக்கு அது எப்படித் தெரியும்? வம்பு வந்தால் உங்களுக்கு விமானம் இருக்கிறது. போலீஸ் வந்து நிற்பது உங்கள் அக்கா வீட்டு வாசலில்.

இன்னொன்றைச் செய்யுங்கள். சாயங்காலம் மச்சானோடு ஒட்டுக்கடைக்குப் போய் ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் நம் கிழவர் யாராவது இருப்பார். "தாத்தா, உங்க அப்பா எந்த ஊர்லேருந்து கப்பல் ஏறினாரு?" என்று கேளுங்கள். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்த கதை, கப்பலில் வாந்தி எடுத்த கதை, கங்காணியிடம் அடி வாங்கிய கதை எல்லாம் வரும். இரண்டாவது நாள் அவரே, "நீ தூத்துக்குடிக்காரனாச்சே, சர்ச்சுக்குப் போறவனா?" என்பார். அப்போது பேசுங்கள்.

கே: டீச்சர், நான் உங்கள் பழைய மாணவன். சிவ பக்தன். ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு ராத்திரி பஸ். பக்கத்து சீட்டுக்காரர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "கல்லைக் கும்பிட்டு என்ன கண்டீங்க?" என்று ஆரம்பித்தவர், ஜொகூர் பாலம் வரை விடவில்லை. உங்கள் ஆட்கள் ஏன் இப்படி?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

ப: முதல் கேள்விக்கு நான் எழுதின பதிலைப் படித்திருப்பாய். ஆகவே அந்த மனிதரைத் திட்டுகிற தகுதி எனக்குப் பாதிதான். அந்தப் பாதியை வைத்துச் சொல்கிறேன்: அடுத்தவன் சாமியைக் கல் என்று சொல்வது சாட்சியே கிடையாது. அது வாய்க்கொழுப்பு.

இந்தப் பகுதிக்கு ஏன் பைப்படிப் பேச்சு என்று பெயர் வைத்தேன் என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்த தோட்டத்தில் இரண்டு வரிசை லயத்துக்கும் சேர்த்து ஒரே பைப்பு. மேட்டு லயத்துக் குடங்கள் ஒரு பக்கம், பள்ளத்து லயத்துக் குடங்கள் ஒரு பக்கம். ஒன்று மற்றொன்றைத் தொடக்கூடாது. எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் துணிமணியோடு சாதியையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள்தானே நம் தாத்தாக்கள். ஞானஸ்நானம் வாங்கிய வீடுகளிலும் அது இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு நாள் அம்மா மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வருகிறார். நல்ல வெயில். நான் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் வருகிறேன். பள்ளத்து லயத்துப் பாட்டி பைப்படியில் குடத்தோடு நிற்கிறார். அம்மா, "ஒரு செம்பு தண்ணி குடு ஆயா" என்றார். பாட்டி செம்பை நீட்டத் தயங்கினார். அம்மா அதைப் பாட்டி கையிலிருந்து வாங்கி, அண்ணாந்து குடிக்காமல், உதட்டை வைத்துக் குடித்தார். பைப்படி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறு பள்ளியில் சமாரியப் பெண் கதை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தச் செம்புதான் கண்ணுக்கு முன்னால் வரும். யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்குப் போகிற வழியில், நடுப்பகலில், களைத்துப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தவர் இயேசு. யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்காத காலம். அந்தப் பெண்ணிடம் அவர் முதலில் சொன்னது "தாகத்துக்குத் தா". ஊர்விட்டு ஊர் வந்தவர், அடுத்த சமூகத்தாரின் குடத்திலிருந்து தண்ணீர் கேட்கிறார். ஜீவத்தண்ணீர்ப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். பயணம் போகிற நம்மவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். வழி தெரியாமல், பாஷை தெரியாமல், கழிப்பறை எங்கே என்று தெரியாமல் நிற்பது நாம். ஆனால் கொடுக்க வந்தவர்கள் மாதிரி நடந்துகொள்கிறோம்.

அந்தப் பாட்டி கடைசி வரை மாரியம்மன் கோயிலுக்குத்தான் போனார். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் பாய் விரிக்க முதல் ஆளாக வருவதும் அவர்தான்.

அடுத்த தடவை உனக்கு இப்படி ஒருத்தர் வாய்த்தால், "அண்ணே, எனக்கு வேணாம், தூங்கணும்" என்று நேராகச் சொல்லிவிடு. அது மரியாதைக் குறைவு இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

கே: ஸும்பா வகுப்புத் தோழிகளோடு தாய்லாந்தில் ஹாட்யாய் போகிறேன். ஏழு பேரில் நான் மட்டும் கிறிஸ்தவள். சாப்பிடும் முன் ஜெபம் பண்ணினால் காட்டிக்கொள்வது போல இருக்குமோ? புத்த பிக்குகளைப் பார்த்தால் ஒரு கைப்பிரதி கொடுக்கலாமா?
– வாசகி, தைப்பிங்

ப: வீட்டில் ஜெபித்துத்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால் அங்கேயும் பண்ணுங்கள். தோம் யாம் ஆறிப் போகிற அளவுக்கு நீட்ட வேண்டாம். தோழிகள் கேட்டால், பாடாங் பெசாரில் ரயில் மாறுகிற நேரத்தில் நிதானமாகச் சொல்லலாம்.

பிக்குகளுக்கு வேண்டாம். பெண்கள் தொடுவதும், கையில் நேராக ஒன்றைக் கொடுப்பதும் அங்கே வழக்கமில்லை. தானம் கொடுத்தால்கூட அவர் ஒரு துணியை விரிப்பார், அதன்மேல் வைக்க வேண்டும். நீங்கள் கைப்பிரதியை நீட்டிக்கொண்டு கிட்டே போனால் அவர் பின்னால் நகர்வார், நீங்கள் முன்னால் போவீர்கள், தோழிகள் வீடியோ எடுப்பார்கள்.

கே: எங்கள் வாலிபர் குழு ஆண்டு இறுதியில் நேபாளம், பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்கள் என்று திட்டமிடுகிறது. விசாப் பாரத்தில் "சுற்றுலா" என்று போட்டுவிட்டால் போதும் என்கிறார் ஓர் அண்ணன்.
– குழுச் செயலாளர், ஈப்போ

ப: போதாது. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம், ஒருவரை மதம் மாற்றுவதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்து நாடு கடத்தலும் உண்டு. இந்தியாவில் சுற்றுலா விசாவோடு ஆராதனையில் உட்காரலாம். மேடையேறிப் பிரசங்கம் பண்ணவும் கைப்பிரதி கொடுக்கவும் அனுமதி கிடையாது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருக்கிறது என்று தைரியம் சொல்பவர்களுக்கு: 2021 அறிவிப்பின்படி மிஷனரி வேலைக்கு அவர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது ஒன்று. சத்தியத்தைச் சொல்லப் போகிறவர், பாரத்தில் பொய் எழுதிவிட்டா கிளம்புவது? அந்த அண்ணனிடம் கேளுங்கள்.

கே: மகளுக்குப் பேறுகாலம். ஆறு மாதம் மெல்பர்னில் இருக்கப் போகிறேன். எனக்குத் தமிழும் பாசார் மலாயும்தான் தெரியும். அங்கே யாரிடம் என்னத்தைப் பேசுவது, என்ன சாட்சி சொல்வது?
– ஒரு பாட்டி, சிரம்பான்

ப: முதலில், பெட்டியில் வைக்கிற பத்திய மருந்து, கருவாடு, மசாலாத் தூள் எல்லாவற்றையும் விமானத்தில் தருகிற பாரத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அந்த ஊரில் அதில் விளையாடக்கூடாது.

என் அக்காவும் இதே காரியமாக அங்கே போனார். ஆங்கிலம் "தேங்க்யூ" வரைக்கும்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியின் எலுமிச்சை மரம், பழம் பழமாய் உதிர்ந்து கிடந்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. வேலி ஓரமாக நின்று, பழத்தைக் காட்டி, நாலு விரலைக் காட்டி, கை நீட்டினார். கிழவி ஒரு வாளி நிறையக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அக்கா ஒரு போத்தல் ஊறுகாயைக் கொண்டுபோய் நீட்டினார். அதிலிருந்து தினமும் வேலி ஓரத்தில் ஒரு மணி நேரம் பேச்சு. இவர் தமிழில், அவர் ஆங்கிலத்தில். பேரனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி காரை எடுத்துக்கொண்டு வந்தது அந்தக் கிழவிதான். ஒரு நாள் அக்கா வாசலில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தபோது, கிழவி புத்தகத்தைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினாராம். அக்காவுக்கு வந்தது, "மை காட். குட்." அவ்வளவே. கிழவி கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்துவிட்டுப் போனாராம்.

இப்போதும் எலுமிச்சை காய்க்கிற சமயத்தில், "அம்மா எப்ப வர்றாங்க?" என்று அக்கா மகளிடம் விசாரிக்கிறாராம். போத்தலைக் கழுவிக் காய வைத்திருக்கிறாராம்.