அப்பாவைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 77 வயது. ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மறதி நோய் (டிமென்ஷியா) என்று இரண்டு வருடங்களுக்கு முன் டாக்டர் சொன்னார். வடக்கு மாசி வீதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய் வருவார். போன வாரம் திரும்பவில்லை. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, தெற்கு மாசி வீதியில் ஒரு கடைப் படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். “செருப்பைக் காணோம்” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கேட்டைப் பூட்டு என்கிறான் பெங்களூரில் இருக்கும் தம்பி. பூட்டினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, மதுரை

பதில்: செருப்பைப் பற்றி எழுதினீர்களே, பாதி விடை அதில் இருக்கிறது. வடக்கே உள்ள மொட்டைக் கோபுர வாசலில் செருப்பை விட்டு உள்ளே போனவர், தெற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்திருப்பார் என்று நினைக்கிறேன். எந்த வாசலில் இறங்கினாலும் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அதே வரிசைதானே! நல்ல நினைவுள்ள வெளியூர்க்காரரே திணறுகிற ஊர் இது. அப்பாவின் கால்கள் பழைய கணக்குப்படி மாசி வீதிக்குச் சரியாகத்தான் போயிருக்கின்றன. வாசல்தான் மாறிவிட்டது.

ஆகவே நடையை நிறுத்தாதீர்கள். வாசலைக் கவனியுங்கள். “துணைக்கு வருகிறேன்” என்றால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். “எனக்கும் பூ வாங்க வேண்டும், சேர்ந்தே போவோம்” என்று கிளம்புங்கள். நீங்கள் போக முடியாத நாளில் அக்கம்பக்கத்துப் பையன் யாராவது போகட்டும். வழியில் அவர் நின்று பேசுகிற பூக்காரம்மாவிடமும் டீக்கடைக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி, உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செல்போனில் இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். 2018-லிருந்து கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. சட்டைப்பையில் அவர் பெயரும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை போதும். சட்டை மாற்றும்போது அட்டையையும் மாற்ற மறக்காதீர்கள். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

பூட்டு விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. திருமங்கலத்தில் என் பெரியம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பின்பக்கச் சுவரில் ஏறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வீட்டில் ஆள் இருக்கும்போது, இரவில் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போடலாம். தனியாக வைத்துப் பூட்டுவது மட்டும் கூடவே கூடாது. தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவார்?

விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. சமையலறையில் ஆள் இல்லாதபோது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். ஸ்கூட்டர் சாவி அவர் கண்ணில் படக் கூடாது. வெளி வீதிகளின் போக்குவரத்தில் தனியாக விடாதீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் கோயில் பக்கம் வேண்டவே வேண்டாம்; அழகரை டிவியில் சேவிக்கட்டும்.

இன்னொன்று. இந்தக் குழப்பம் இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று கூடியதா? அப்படியானால் அது மறதி நோயால் மட்டும் இருக்காது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி காணாமல் போனால் இரண்டு மணி நேரம் நீங்களே தேட வேண்டாம். கொஞ்ச நேரத்திலேயே 112-ஐ அழையுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. முதியோருக்கான 14567 உதவி எண்ணையும் குறித்து வையுங்கள்.

தம்பியை ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தினமும் அப்பாவோடு கோயிலுக்கு நடக்கட்டும். செருப்பை எந்த வாசலில் விட்டோம் என்பது தம்பிக்கு நினைவிருக்கிறதா, பார்ப்போம்.