ஏஸ் ஜோடி தோற்றால் எதைக் கணக்கில் எழுதுவது?

வாரந்தோறும் நண்பர்களுடன் டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கர் விளையாடும் வாசகர் ஒருவர், கடந்த மாதம் மூன்று முறை ஏஸ் ஜோடி வந்தும் மூன்றிலும் தோற்றதாக எழுதியிருக்கிறார். இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டுகள் கையில் மறைவாக இருக்கும்; எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் மேசையில் விரியும். கையில் இரண்டும் ஏஸாக வருவதுதான் மிகச் சிறந்த தொடக்கம். இரண்டு முறை பொதுச் சீட்டுகள் விரிவதற்கு முன்பே எல்லாச் சிப்புகளையும் (பந்தய வில்லைகளையும்) வைத்து, சிறிய ஜோடி வைத்திருந்த ஒரே எதிராளியிடம் இழந்தார். மூன்றாம் முறை பந்தயத்தை உயர்த்தாமல் வெறுமனே கூடச் சேர்ந்து ஆடியதில் ஐவர் எதிரில் நின்றனர். இந்தத் துரதிர்ஷ்டத்தை எப்படித் தாங்குவது என்பது அவர் கேள்வி.

ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் கைக்கு வரும் என்பதால், அது தோற்கும்போது மனம் கசப்பது இயல்பே. ஆனால் சிறிய ஜோடிக்கு எதிரில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை தோற்கும். அப்படியானால் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்பது 25-இல் ஒன்று. நீண்ட காலம் ஆடுகிற எவருக்கும் இது நேர்ந்தே தீரும். இருவரும் ஆளுக்கு 5,000 சிப்புகள் வைத்திருந்தால், அந்தக் கணத்தில் 10,000-இல் உங்கள் பங்கு ஏறத்தாழ 8,000. அதாவது, கடைசிச் சீட்டு என்னவாக இருந்தாலும், நீங்கள் எடுத்த முடிவின் மதிப்பு 3,000 சிப்பு லாபம். உங்கள் ஆட்டத்தை நீங்கள் எடைபோட வேண்டிய இடம் அதுவே.

1976-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், ஏஸ்-ஜாக் வைத்திருந்த ஜெஸ்ஸி ஆல்டோவுக்கு முதல் மூன்று பொதுச் சீட்டுகளிலேயே இரண்டு ஜோடி அமைந்தது. டாயில் பிரன்சன் கையில் இருந்ததோ 10-2. கடைசிப் பொதுச் சீட்டாக ஒரு 10 விழுந்ததும் பிரன்சனின் கை ஆல்டோவின் கையை முந்தியது; பட்டம் அவருக்குப் போனது. 10-2 என்ற சீட்டு இணைக்கு இன்றும் பிரன்சன் பெயரே வழங்குகிறது. கடைசிச் சீட்டு வரை முன்னணியில் இருந்தவர் ஆல்டோதான் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது தோல்வியை மட்டும் துரதிர்ஷ்டத்தின் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. ஐந்து எதிராளிகள் கடைசிவரை நின்றால் ஏஸ் ஜோடி வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். தொடக்கத்திலேயே பந்தயத்தை நன்றாக உயர்த்தி, ஓரிருவரை மட்டும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். அது உங்கள் கையில் இருந்த விஷயம். வருத்தப்பட வேண்டுமானால் இதற்கே வருத்தப்படுங்கள்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். பெரிய கை தோற்றதும் காதோரம் சூடேறி, அடுத்து வரும் ஒன்பது-நான்கு போன்ற பலவீனமான சீட்டுகளைக்கூட மடக்கி விலக மனமில்லாமல் ஆடும் நிலையை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பார்கள். ஏஸ் ஜோடி பறித்ததைவிட அதிகமாக இழப்பது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய அரைமணி நேரத்தில்தான். அப்போது எழுந்து சற்று நடந்துவிட்டு வாருங்கள்; இழந்ததை அன்றிரவே மீட்க வேண்டும் என்று வீட்டுப் பணத்தை எடுக்காதீர்கள்.

ஒரு சிறு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சிப்புகளும் உள்ளே போன கணத்தில் இருவர் கையிலும் என்ன இருந்தது, யார் முன்னணியில் இருந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். பின்தங்கியிருந்தும் நீங்கள் வென்ற ஆட்டங்களை விடாமல் எழுதுங்கள், ஏனெனில் நினைவு முதலில் உதறிவிடுவது அவற்றைத்தான்.